செல்ஃப் எடுக்காத வண்டி

எங்கள் வீட்டு அம்பாசடரில் ஏறிப் போனவர்களைவிட அதைத் தள்ளிவிட்டவர்கள்தான் அதிகம். இப்படிச் சொன்னால் பெங்களூரில் இருக்கும் என் அண்ணனுக்குக் கோபம் வரும். அப்பாவின் காரைப் பற்றிப் பேசுவதற்கென்றே அவன் ஒரு தனிக் குரல் வைத்திருக்கிறான். தொண்டை லேசாக அடைத்துக்கொண்ட மாதிரியான குரல். சென்னையில் இருக்கும் அக்காவுக்குக் குரல் தேவையில்லை, முகநூல் இருக்கிறது. 'அப்பாவின் உள்ளங்கைச் சூடு இன்னும் அந்த ஸ்டியரிங்கில் இருக்கிறது' என்று ஒருநாள் எழுதினாள். ஊர்ப்பட்ட பேர் அழுது கமெண்ட் போட்டிருந்தார்கள். அந்தக் கார் நிற்கும் தகரக் கொட்டகையை ஒட்டிய அறையில் தூங்குகிறவன் நான். ஸ்டியரிங்குக்குக் கீழே அப்போது ஓர் எலிக் குடும்பம் குடியிருந்தது. சூடு இருந்திருந்தால் அவற்றினுடையதாகத்தான் இருக்கும்.

மூன்று பிள்ளைகளில் ஊரை விட்டுப் போகாதவன் நான் ஒருவன்தான். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் வாத்தியார். வீடு டவுணில். காலையில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் சாயங்காலம் தொங்கிக்கொண்டு வருகிறேன். வெளியூரில் இருக்கும் உடன்பிறப்புகளின் அகராதியில் இதற்கு 'ஊர்ல சும்மாத்தான இருக்கான்' என்று பெயர். வீட்டு வரி கட்டுவது, தென்னைக்கு ஆள் பார்ப்பது, அம்மாவுக்கு மாத்திரை வாங்குவது, அப்பா காரின் மேல் பூனை குட்டி போடாமல் பார்த்துக்கொள்வது எல்லாம் இந்தச் சும்மா இருப்பதில் அடங்கும்.

அந்தக் காருக்கு செல்ஃப் எடுக்காது. சாவியைத் திருப்பினால் உள்ளே யாரோ பல்லைக் கடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். நான் பிறப்பதற்கு முன்பே அப்படியாம். அப்பா ரதவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். வேட்டியில் ஒரு நூல் பிசிறியிருந்தாலும் கட்டோடு திருப்பி அனுப்புகிற மனுஷர், செல்ஃபை மட்டும் கடைசிவரை சரிசெய்யவில்லை. கேட்டால், "தள்ளுனா எடுக்குதில்லா? பெறகென்ன?" என்பார். தள்ளுவதற்கு ஆள் கிடைத்துக்கொண்டிருந்தவரை அந்தக் கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை.

ஆகவே எங்கள் வீட்டில் எந்தப் பயணமும் தள்ளலில்தான் தொடங்கும். கல்யாணமோ, களக்காட்டில் சித்தி ஊர்க் கோயில் கொடையோ, திருச்செந்தூரோ, எங்கே போவதென்றாலும் அப்பா ராகு காலம் எமகண்டம் எல்லாம் பார்த்து ஒரு நேரம் குறிப்பார். நல்ல நேரத்தில் தள்ளத் தொடங்குவோம், ராகு காலத்தில் வண்டி எடுக்கும். அப்பா, அண்ணன், நான், எதிர்வீட்டு மாமா, பால் வாங்கப் போகிற வழியில் மாட்டிக்கொண்டவர் என்று ஆண்கள் அத்தனை பேரும் பின்னால் நிற்போம். பட்டு வேட்டி கட்டியவருக்கும் விலக்கு கிடையாது.

தள்ளும்போது ஸ்டியரிங்கில் ஒருவர் உட்கார வேண்டும். கிளட்சை மிதித்துக்கொண்டிருந்து, வண்டி வேகம் பிடித்ததும் சட்டென்று விட வேண்டும். தள்ளத் தெம்புள்ள ஓர் ஆம்பளையை இதற்குப் போய் வீணாக்க முடியுமா? அதனால் அம்மாவை உட்கார வைப்பார்கள். தெரு முக்கில் வண்டி இருமிக் கனைத்து எடுத்ததும், அம்மா கியரை விலக்கி வண்டியை நிறுத்தி, இஞ்சின் அணைந்துவிடாமல் ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டிருப்பாள். அப்பா மூச்சு வாங்க ஓடி வந்து கதவைத் திறப்பார். அம்மா இறங்கிப் பின்சீட்டுக்குப் போய்விடுவாள். இதில் எங்களில் யாருக்கும் எந்த விசேஷமும் தெரிந்ததில்லை.

அப்பா போனபிறகு வண்டி கொட்டகையை விட்டு நகரவில்லை. போன பொங்கலுக்கு எல்லாரும் ஊருக்கு வந்திருந்தபோது, கரும்பு கடித்துக்கொண்டிருந்த சபையில் அம்மா திடீரென்று சொன்னாள்.

"நம்ம கார எடுத்து ஓட வைங்களேன்டே. ஒருக்க திருச்செந்தூர் போயிட்டு வருவோம்."

அம்மா எதையும் கேட்கிறவள் இல்லை. அக்கா உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அண்ணன் அந்தக் குரலை எடுத்தான். அக்காவின் புருஷன், எங்கள் அத்தான், எழுந்து நின்றே விட்டார். அன்று சாயங்காலத்துக்குள் 'அப்பா கார்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கியாகிவிட்டது. அண்ணன் ஆலோசகர், அத்தான் தொழில்நுட்பம், அக்கா உணர்வு. வேலை செய்கிறவன் யார் என்று யாரும் எழுதவில்லை. எழுதத் தேவையில்லாமல் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "என்ன வேணும்னாலும் செய்யுங்க. செல்ஃப்ப மட்டும் தொடாதீங்க."

எல்லாரும் சிரித்தோம். அண்ணன், "நல்லாருக்கும்மா, பல்லு கட்டச் சொல்லிட்டு வாயத் தொறக்கமாட்டேங்க மாதிரி" என்றான். அக்கா மட்டும் சிரிக்காமல், "அப்பா தொட்டத அப்படியே வச்சிருக்கணும்னு நெனைக்கா. அம்மாவோட காதல் உங்களுக்கெல்லாம் புரியாது" என்றாள். அம்மா பொங்கப்பானையைக் கழுவப் போய்விட்டாள்.

வண்டியை மேலப்பாளையத்தில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் பாய் ஒருவரிடம் விட்டேன். கட்டியிழுத்துக்கொண்டுபோன வண்டியை அவர் மூன்று முறை சுற்றி வந்தார். வைத்தியர் நாடி பிடிக்கிற மாதிரி பானட்டில் கை வைத்துக் கண்ணை மூடினார். "சார், இது வண்டி இல்ல, மைனர். இந்த இரும்பு இப்பம் எங்கன கெடைக்கும்? வெள்ளிக்கிழம ஜும்மா முடிஞ்சதும் வாங்க, எடுத்துக்கிடலாம்" என்றார். எந்த வெள்ளிக்கிழமை என்று கேட்காமல் வந்தது என் தப்பு. வேப்பம்பூ பூத்து உதிர்ந்து, குற்றாலத்தில் தண்ணீர் விழுந்து, அதுவும் நின்றது. பாய் மட்டும் வாக்கு மாறவில்லை. ஒவ்வொரு முறையும் வெள்ளிக்கிழமை என்றுதான் சொன்னார்.

இதற்கிடையில் குழுவில் நிறச் சண்டை வந்தது. துருவும் தூசியும் ஏறிக்கிடந்த வண்டியில் நிறம் என்று சொல்ல எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. கார் சந்தன நிறம் என்றாள் அக்கா. அந்த நிறத்தில் தனக்குக் கனவே வருவதாகவும் சொன்னாள். வான நீலம் என்றான் அண்ணன். இருந்த ஒரே புகைப்படம் கறுப்பு வெள்ளை. அதில் அப்பா பானட்டில் கை ஊன்றி நிற்க, பின்னால் நாங்கள் நிற்கிறோம். அம்மாவின் முழங்கை மட்டும் தெரிகிறது. "அப்பாவோட கார் கலர்கூட ஒனக்கு ஞாபகம் இல்லயா?" என்று அண்ணன் கேட்க, "ஆஸ்பத்திரியில அப்பா பக்கத்துல இருந்தது யாரு?" என்று அக்கா கேட்க, சண்டை பெயின்ட்டை விட்டு எங்கெங்கோ போனது. ஆஸ்பத்திரியில் இருந்தது நான். அதைச் சொன்னால் நிறப் பிரச்சினை தீருமா என்று யோசித்துப் பேசாமல் இருந்துவிட்டேன்.

கடைசியில் பாய் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பார்த்தார். மேலே சந்தனம், அதற்குக் கீழே நீலம். இருவரும் ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் குழுவில் மாலை, மத்தாப்பு எல்லாம் பறந்தது. நான் நிம்மதியாகக் கிளம்பப் போனபோது பாய் தோளைத் தொட்டார்.

"சார், இன்னும் இருக்கு. இங்கன பாருங்க."

நீலத்துக்குக் கீழே கறுப்பு. கூரையில் மட்டும் மஞ்சள். ஒருகாலத்தில் டாக்சியாக ஓடிய வண்டி.

எங்கள் குடும்ப வரலாற்றில் அது பெரிய இடி. அப்பா அந்தக் காரைப் புத்தம் புதிதாக மெட்ராஸில் வாங்கி, தானே ஓட்டிக்கொண்டு வந்தார் என்பதுதான் நாங்கள் கேட்டு வளர்ந்த கதை. அண்ணன் தன் அலுவலகத்தில் மேடையேறி இதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறான். படத்தை அனுப்பியதும் குழு அப்படியே அடங்கிப்போனது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பைய விஷயத்தை அவிழ்த்தேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள், தலையைக்கூடத் தூக்கவில்லை.

"திருச்செந்தூர் ஸ்டாண்டுல நின்ன டாக்சில்லா அது? வாங்குன அன்னைக்கே எடுக்கல. அங்கன இருந்து ஒரு லாரியில கட்டித்தான் இழுத்துட்டு வந்தாவ. மெட்ராசுன்னு அவிய சொன்னாவ, நானும் சரின்னுட்டேன்."

அண்ணனிடமிருந்து ராத்திரி ஒரு செய்தி வந்தது. 'இது குரூப்பைத் தாண்டிப் போக வேண்டாம்.'

அதற்குப் பிறகு வேலை வேகம் பிடித்தது. மானத்தைச் சந்தன நிறத்தில் மூடுகிற வேலை ஆயிற்றே. அத்தான் ஏசி வைக்கச் சொன்னார். இடம் இல்லை என்று பாய் சொன்னதும், பேசி வழி சொல்கிற கண்ணாடி, தானாகப் பாடுகிற ஸ்பீக்கர் என்று இறங்கி வந்து, கடைசியில் ஒரு குட்டி மின்விசிறியில் சமாதானம் ஆனார். எல்லாம் பழைய மாதிரியே இருக்க வேண்டும், ஆனால் எதுவும் பழசாக இருக்கக்கூடாது என்பது அண்ணனின் கொள்கை. டெல்லியில் யாரையோ பிடித்துப் புத்தம் புது செல்ஃப் மோட்டார் ஒன்றைக் கூரியரில் பாய்க்கே நேராக அனுப்பிவிட்டான். அம்மா சொன்னதை நான் பாயிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் என்னை ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "செல்ஃப் இல்லாம வண்டி வெளிய போனா எம் பட்டறப் பேரு என்னத்துக்காவும் சார்? அம்மாவுக்கு இன்ப அதிர்ச்சியா இருக்கும், போங்க" என்றார். எனக்கும் உள்ளூர அப்படித்தான் தோன்றியது. இந்த வயதில் இன்னொரு தடவை அந்தக் காரைத் தள்ள என் இடுப்பும் தயாராக இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை வண்டி உண்மையிலேயே வீட்டுக்கு வந்தது. மறுநாள் எல்லாரும் வந்து இறங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை திருச்செந்தூர் பயணம். வீட்டைப் பார்த்துக்கொள்ள நின்றுவிட்ட என் மனைவி புளியோதரை கட்டிக் கொடுத்தாள். டயருக்கு எலுமிச்சம்பழம், பானட்டுக்குச் சந்தனம் குங்குமம். அக்கா போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு, "அப்பாவோட கனவு" என்று தொடங்கி ஏதோ பேசிப் பதிவு செய்தாள்.

அண்ணன் ஒரு காரியம் செய்தான். உள்ளே போய் அப்பாவின் மாலை போட்ட படத்தைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு வந்து முன்சீட்டில் சாய்த்து வைத்தான். விழாமல் இருக்கத் துண்டால் சீட்டோடு சேர்த்துக் கட்டினான். பிறகு ஸ்டியரிங்கில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். வண்டி கால் நொடியில் எடுத்தது. ஒரு கனைப்பு இல்லை, இருமல் இல்லை. எல்லாரும் கைதட்டினோம். அண்ணன் அணைத்துவிட்டு மறுபடி திருப்பினான். மறுபடி எடுத்தது. மூன்றாவது முறை திருப்பும்போது நான் வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்தேன்.

சுங்குடிச் சேலை கட்டி, தலையில் பிச்சிப்பூ வைத்துக் கிளம்பி நின்றவள், முகம் அப்படியே விழுந்துபோய் நின்றாள். "எனக்குத் தல வலிக்கி. நீங்க போயிட்டு வாங்க" என்றாள். முன்சீட்டுப் படத்தை ஒரு பார்வை பார்த்தாள். "அதான் அவியளும் வாராவல்லா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"அப்பா நெனப்பு வந்துட்டு அவளுக்கு" என்று அக்கா விசும்பினாள். அண்ணன் கைக்குட்டையை எடுத்தான். அத்தானுக்கு அழுகை வரவில்லை என்றாலும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் உள்ளே போனேன். அம்மா அடுக்களையில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்து, பிச்சிப்பூவைத் தலையிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

"தலவலி மாத்திர தரட்டாம்மா?"

"தலவலியும் இல்ல, கால்வலியும் இல்ல. செல்ஃப்ப தொடாதன்னு சொன்னனா இல்லியா?"

"அதுல என்னம்மா இருக்கு? இனிமே யாரும் தள்ளாண்டாம்லா?"

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவு கோபத்தை நான் அவள் முகத்தில் பார்த்ததே இல்லை.

"வண்டி நின்னாத்தாம்லே எனக்கு ஓட்டக் கெடைக்கும்."

நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவளே சொன்னாள். "கல்யாணமான புதுசுல, எனக்கும் சொல்லித்தாங்கன்னு கேட்டேன். 'ஒனக்கு எதுக்குட்டி'ன்னு சிரிச்சாவ. தெரு முக்கு வரைக்கும்தான் எனக்கு. அங்கன போனா எறங்கிரணும். அதுக்கு எத்தன கல்யாணம், எத்தன கொடை வரணும்னு காத்துக் கெடந்திருக்கேன் தெரியுமா? சில நாளு, எடுக்குத மாதிரி இருந்தா வேணும்னே கிளட்ச விடமாட்டேன். இன்னுங்கொஞ்சம் தள்ளட்டும்னு."

பின்னால் நின்று தள்ளியவர்களில் நானும் ஒருவன். வியர்த்து வழிந்து, 'இன்னைக்கு ஏன் எடுக்கமாட்டேங்கு' என்று வண்டியைத் திட்டியிருக்கிறேன். அப்பாவுக்குக் குடலிறக்கம் வந்து ஆபரேஷன் ஆனபோது, 'எல்லாம் அந்தப் பாழாப்போன வண்டியத் தள்ளித்தான்' என்று டாக்டர் சொன்னதும் நினைவுக்கு வந்தது. சிரிப்பும் வந்தது, தொண்டையும் அடைத்தது. அண்ணன் குரல் மாதிரி ஆகிவிடுமோ என்று பயந்து கனைத்துக்கொண்டேன்.

வெளியே வந்தேன். கூட்டம் இன்னும் அப்பாவை நினைத்துக்கொண்டிருந்தது. ஆயில் பார்ப்பதுபோல பானட்டைத் திறந்தேன். செல்ஃபுக்குப் போகிற சின்ன ஒயர் எது என்று பாய் ஒருமுறை பெருமையோடு காட்டியிருந்தார். அதைப் பிடுங்கிவிட்டு மூடினேன்.

"அண்ணா, அம்மா வராட்டாலும் நாமளாவது போயிட்டு வருவோம். வண்டிய எடு."

அண்ணன் சாவியைத் திருப்பினான். ஒன்றும் இல்லை. இன்னொருமுறை திருப்பினான். பல்லைக் கடிக்கிற பழைய சத்தம்கூட வரவில்லை. முதலில் பாயைத் திட்டினான், பிறகு டெல்லியைத் திட்டினான். அத்தான் போனில் ஏதோ தேடத் தொடங்கினார்.

"தள்ளத்தான் செய்யணும்" என்றேன், உள்ளே அடுக்களை வரைக்கும் கேட்கிற மாதிரி.

தலைவலிக்காரி வந்த வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பிச்சிப்பூ தலையில் ஏறியிருந்தது, சேலை இடுப்பில் செருகியிருந்தது. அண்ணனை, "எறங்கு, நீ தள்ளணும்லா" என்று இறக்கினாள். முன்சீட்டில் துண்டை அவிழ்த்து அப்பா படத்தை எடுத்து, பத்திரமாகப் பின்சீட்டின் நடுவில் வைத்தாள். பிறகு ஸ்டியரிங்கில் உட்கார்ந்து, கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டாள்.

அண்ணன், அத்தான், நான், டீக்கடையில் நின்ற ஆட்டோக்காரர் எல்லாருமாகத் தள்ளினோம். அத்தானுக்கு இது புது அனுபவம். "இதுக்கு ஏதாவது ஆப் இருக்கும்" என்று முனகிக்கொண்டே தள்ளினார். வண்டி உருண்டு வேகம் பிடித்தது. எடுத்திருக்க வேண்டிய இடத்தில் எடுக்கவில்லை. அது ஏன் என்று என் ஒருவனுக்குத்தான் தெரியும். இன்னும் கொஞ்ச தூரம் ஓட விட்டு, முக்குக்குச் சற்று முன்னால்தான் அம்மா கிளட்சை விட்டாள். இஞ்சின் குதித்து எடுத்தது.

வழக்கப்படி அண்ணன் மூச்சு வாங்க முன்னால் ஓடினான், அப்பா ஓடுவதைப் போலவே, கதவைத் திறக்கக் கையை நீட்டிக்கொண்டு. வண்டி முக்கில் நிற்கவில்லை. ஆரன் அடித்தது, குறுக்குத்துறை ரோட்டில் திரும்பிப் போய்விட்டது.

"அம்மா!" என்று அக்கா கத்தினாள். அவள் போனில் எடுத்துக்கொண்டிருந்த காணொளியில் தெருவும் எங்கள் முதுகும் மட்டும் இருக்கின்றன. ஆட்டோக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "பதறாதிய சார், நேர் ரோடுதான். ஆத்துலதான் முடியும்" என்று ஆறுதல் சொன்னார்.

அந்த ஆறுதலைக் கேட்டதும் எல்லாரும் ஓடினோம். மருத மரங்களுக்குக் கீழே, குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வருகிறவர்களை விலக்கிக்கொண்டு, நடுத்தர வயதைத் தாண்டிய மூன்று ஆம்பளைகளும் போனைப் பிடித்தபடி ஒரு பொம்பளையும். படித்துறைக்கு முன்னால் ஒரு மரத்தடியில் சந்தன நிறக் கார் ஒழுங்காக ஓரமாக நின்றது. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஆற்றுக்குள் தெரிந்த முருகன் கோயில் கோபுரத்தைப் பார்த்து, ஸ்டியரிங்கை விடாமல் ஒரு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தாள் அம்மா.

"இம்புட்டு நேரமா வருதது? வெயில் ஏறுதுக்குள்ள திருச்செந்தூர் போகாண்டாமா? ஏறுங்க."

அத்தான் மெதுவாக, "அத்தே, லைசென்ஸு..." என்று இழுத்தார்.

"உங்ககிட்ட இருக்கில்லா மாப்ளே? அத வச்சிக்கிட்டுப் பக்கத்துல உக்காருங்க. டவுண் எல்ல தாண்டுனதும் தாரேன்."

அக்கா பின்னால் ஏறினாள். நானும் ஏறினேன். அண்ணன் மட்டும் டிரைவர் பக்கத்துக் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அம்மா இறங்குவாள் என்று நின்றுகொண்டிருந்தான். அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"பின்னால ஏறுடே" என்றாள். "அங்கனதான் அப்பாவும் இருக்காவ."